மணப்பந்தலில் பாட்டு

திருமண அழைப்பிதழில் முகூர்த்த நேரம் இருக்கும். மண்டபத்தின் பெயர் இருக்கும். உற்றார் உறவினர் பெயர்கள் வரிசையாக நிற்கும். நாகசுரம் இன்னார் என்பதும் சிலவற்றில் காணப்படும். ஆனால் எந்த நேரத்தில் எந்தப் பாட்டு என்பதை எவரும் அச்சிடுவதில்லை. கச்சேரியில் பாடகர் பாட்டைத் தேர்ந்தெடுக்கிறார். மணவீட்டிலோ, அங்கே நிகழும் காரியம் பாட்டைத் தேர்ந்தெடுக்கிறது. இதனை நான் ஒரு பிழை செய்த பின்னரே அறிந்தேன். மாணவ நண்பர்களே, அந்தப் பிழையை உங்களிடம் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

1963-ஆம் ஆண்டு என் தமக்கையின் திருமணம் நடந்தது. கும்பகோணத்தை அடுத்த சிற்றூர் எங்களுடையது. எனக்கு அப்போது 19 வயது. கல்லூரியில் தமிழ் இலக்கியம் படித்துக்கொண்டிருந்தேன். சென்னையில் மார்கழிக் கச்சேரிகள் சிலவற்றைக் கேட்டதுண்டு. வானொலியில் கேட்டவை பல. இவற்றால் இசையில் நமக்கும் ஞானம் உண்டு என்ற எண்ணம் தலைக்கேறியிருந்தது. தந்தையார் அதனை அறிந்தோ அறியாமலோ, "நாகசுரக்காரரிடம் நீயே பேசிவிடு" என்று சொல்லிவிட்டார். நான் ஒரு முழுத் தாளில் பன்னிரண்டு கீர்த்தனைகளை ராகம், தாளத்துடன் எழுதிக்கொண்டு போய் அவரிடம் நீட்டினேன்.

அவர் வயது முதிர்ந்தவர். தாளை எட்டப் பிடித்துப் படித்தார். பிறகு மூன்று பாட்டுகளின்மேல் விரலை வைத்து, "தம்பி, இவை மூன்றும் கல்யாண வீட்டுக்கு ஆகா" என்றார்.

"ஏன்?"

"இந்த மூன்றிலும் பக்தர் சுவாமியிடம் அழுகிறார். என்னைக் கைவிட்டாயே என்று கேட்கிறார். பந்தலில் அந்த வார்த்தை வேண்டாமே."

நான் விடவில்லை. "நாகசுரத்தில் வார்த்தை ஏது? இசை மட்டுந்தானே?" என்று கேட்டேன்.

"குழல் சொல்லாது, தம்பி. கேட்டுக்கொண்டிருக்கிற பெரியவர் மனத்துக்குள் சொல்லிக்கொள்வார்" என்றார் அவர்.

நான்காவது பாட்டு முகாரியில் அமைந்தது. அதற்கு அவர் காரணமே கூறவில்லை. தலையை மட்டும் அசைத்தார். முகாரி அழுகைக்கு மட்டும் உரிய ராகம் அன்று என்று வாதிடும் இசைவாணர் உண்டு. அவர்கள் சொல்வதில் நியாயமும் உண்டு. ஆயினும் பெண்ணைப் பெற்றவள் ஒருத்தி, மறுநாள் மகளை வண்டியேற்றி அனுப்பவேண்டியவள், அந்தப் பந்தலில் அமர்ந்திருக்கிறாள். அவளிடம் போய் ராக இலக்கணம் பேசமுடியுமா?

தாளை மடித்து மடியில் செருகிக்கொண்டார் அவர். அது பிறகு வெளியே வரவேயில்லை.

திருமணத்துக்கு முன்னாள் இரவு மாப்பிள்ளை அழைப்பு. நாகசுரக் கலைஞருக்கு இரண்டு நாளில் தம் விருப்பம்போல் வாசிக்கக் கிடைக்கும் நேரம் அது ஒன்றுதான். ஊர்வலம் தெருமுனையில் நின்றுவிடும். தோடியோ காம்போதியோ சங்கராபரணமோ நெடுநேரம் விரியும். அழைப்பில்லாதவர்களும் பக்கத்து ஊர்களிலிருந்து நடந்து வந்து நின்று கேட்பார்கள். திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளை 1956-இல் மறைந்தபோது தஞ்சை மாவட்டத்துத் தெருமுனைகள் பல எதனை இழந்தன என்பதை, அவ்வாறு நின்று கேட்டவர்களே அறிவர். எங்கள் வித்துவானும் அன்றிரவு தோடியைத்தான் எடுத்தார். பாதியில் மாப்பிள்ளையின் தோழர் சிலர் புகுந்து, "சிங்காரவேலனே" வேண்டுமென்று கேட்டனர். 1962-இல் வெளிவந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுரத்தோடு எஸ். ஜானகி பாடிய பாட்டு அது. நான் முகம் சுளித்தேன். வித்துவான் சுளிக்கவில்லை. தோடியை முறையாக முடித்து, ஆபேரியைத் தொட்டுக்காட்டி, அவர்கள் கேட்டதை முழுமையாக வாசித்தார். அது முருகன் பாட்டு, சொல்லில் குறையில்லை, கேட்பவர் இளைஞர், நேரமோ ஊர்வலம். அவர் கணக்கு அவ்வளவே.

சினிமாப் பாட்டைப் பற்றிப் பின்னாளில் என் கருத்தும் மாறியது. 1961-இல் வந்த 'பாசமலர்' படத்தின் "வாராயென் தோழி" என்ற பாட்டும், 1962-இல் வந்த 'சாரதா' படத்தின் "மணமகளே மருமகளே" என்ற பாட்டும் எத்தனையோ ஆண்டுகள் ஒலிபெருக்கிகளில் ஒலித்தன. ஒன்று தோழியர் மணப்பெண்ணை அழைப்பது. மற்றொன்று மருமகளை வீட்டுக்குள் வரவேற்பது. காரியத்தோடு பொருந்தியவை என்பதால் அவை நிலைத்தன. பிரிந்த காதலர் புலம்பும் பாட்டை, அந்த ஆண்டில் புகழ்பெற்றது என்ற ஒரே காரணத்துக்காகப் பந்தலில் முழங்கவிடுவதும் உண்டு. என் பட்டியலில் இருந்த அந்த மூன்று கீர்த்தனைகள் செய்யவிருந்த பிழையும் அதுவேயன்றோ?

மறுநாள் விடியலில் பூபாளம், பௌளி. வெயில் ஏறியதும் பிலகரி. அடுப்பங்கரைப் புகையும் குழந்தைகளின் அழுகையும் காப்பி கேட்போர் குரலும் கலந்த இரைச்சலில், ஒருவரும் செவிசாய்க்கவில்லை என்று தெரிந்தும், அவர் வாசித்துக்கொண்டேயிருந்தார். தவில்காரரின் கண்கள் மட்டும் புரோகிதரின் கையைவிட்டு அகலவில்லை. கெட்டிமேளத்துக்கு அந்தக் கைதான் அடையாளம். கை உயர்ந்ததும் வாசிக்கும் பாட்டு எந்த இடத்தில் இருந்தாலும் அங்கேயே அறுந்துவிடும். தவில் இடியாய் முழங்கும். தும்மலோ அழுகையோ தகாத சொல்லோ தாலி ஏறும் நேரத்தில் காதில் விழலாகாது என்பது இதற்குப் பெரியோர் கூறும் காரணம். புரோகிதர் இல்லாத சீர்திருத்தத் திருமணங்களுக்கும் நான் சென்றிருக்கிறேன். மந்திரம் இல்லாத அப்பந்தல்களிலும் கெட்டிமேளம் இருந்தது. மாலை மாற்றும் நொடியில் தலைமை தாங்கியவர் கையசைத்தார்.

இது மிகப் பழைய வழக்கம். அகநானூற்றின் 136-ஆம் பாட்டில் மணமுழவு ஒலிக்கிறது. கோவலன் கண்ணகி திருமணத்தில் முரசும் சங்கும் ஒலிக்கின்றன. ஆண்டாளின் கனவில் திருமால் அவள் கையைப் பற்றும் அதே நேரத்தில் மத்தளமும் சங்கும் முழங்குகின்றன. எந்த நொடியில் எது முழங்கவேண்டும் என்பது அந்தப் பெண்ணுக்குக் கனவிலும் மறக்கவில்லை!

தாலி கட்டுவதற்கு முன்னர் எங்கள் வீட்டில் ஊஞ்சல் உண்டு. அதனைப் பின்னால் வைத்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

மாலை மாற்றியபின் மணமக்களை ஊஞ்சலில் அமர்த்துவார்கள். மங்கையர் பாலும் பழமும் கொடுத்து, வண்ணச் சோற்றுருண்டைகளால் சுற்றிப் போட்டு, விளக்கும் நீர்ச்செம்பும் ஏந்தி வலம் வருவார்கள். அப்போது பாடுபவர்களும் அவர்களே. என் தந்தையாரின் அத்தை ஒருவர் இருந்தார். அத்தைப்பாட்டி என்று அழைப்போம். சிறுவயதிலேயே கணவரை இழந்தவர். ஆதலால் ஊஞ்சலுக்கு அருகில் வரமாட்டார். அக்காலக் கட்டுப்பாடு அப்படி. கூடத்துத் தூணுக்குப் பின்னால் அமர்ந்து பாடுவார். அவர் ஓரடி பாட, மற்றப் பெண்கள் ஏற்றுப் பாடுவார்கள். நீண்ட பாட்டு அது. அவருடைய தாயாரிடமிருந்து அவருக்கு வந்ததாம். குரல் நடுங்கியது. பின்பாட்டுப் பாடியவர்கள் ஆளுக்கொரு சுருதியில் நின்றார்கள். மாப்பிள்ளை வீட்டார் கேட்டுக்கொண்டிருக்கிறார்களே என்று எனக்கு நாணம் பொறுக்கவில்லை. தூணருகே சென்று, "பாட்டி, போதும். நாகசுரத்தில் நல்ல ஊஞ்சல் பாட்டு வாசிக்கச் சொல்லியிருக்கிறேன்" என்றேன்.

பாட்டி நிறுத்திவிட்டார். "சரி அப்பா. நீ படித்தவன், நீ சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்றார். அந்தச் சொல்லில் கோபம் சிறிதும் இல்லை.

நான் வித்துவானுக்குக் கைகாட்டினேன். அவர் குழலை எடுக்கவில்லை. ஒத்துக்காரர் மட்டும் சுருதியை விடாமல் ஊதிக்கொண்டிருந்தார். சிறிது நேரம் ஊஞ்சல் பாட்டில்லாமல் ஆடியது. சங்கிலி கிறீச்சிட்டது மட்டும் கேட்டது. பெண்கள் மீண்டும் தொடங்குவார்கள் என்று அவர் காத்திருந்திருக்கிறார். தொடங்கவில்லை என்று கண்டபின்பே ஆனந்தபைரவியை மெல்ல வாசித்தார். அன்று மாலை என்னிடம், "அம்மா பாடும்போது நான் ஊதக்கூடாது, தம்பி" என்று மட்டும் சொன்னார்.

அந்த ஆண்டு வகுப்பில் நான் சிலப்பதிகாரத்து வாழ்த்துக் காதையைப் படித்தேன். அதில் ஊசல் வரி என்று ஒரு பகுதி உண்டு. பெண்கள் ஊஞ்சலாடிப் பாடும் பாட்டு அது. திருவாசகத்தில் உள்ள திருப்பொன்னூசலும் அவ்வகையதே. இவற்றை ஒப்பிட்டுக் கட்டுரை எழுதி நல்ல மதிப்பெண் பெற்றேன். ஊசல் பாடிய ஒருவரை எங்கள் வீட்டிலேயே நிறுத்திவிட்டு வந்து அதனை எழுதினேன் என்பது அப்போது என் நினைவுக்கு வரவேயில்லை. இரண்டு ஆண்டுகளில் பாட்டி காலமானார்.

இசை பயின்ற நண்பர் ஒருவர் பின்னாளில் எனக்கு ஒரு நுட்பத்தை விளக்கினார். குறிஞ்சி, நவரோசு, புன்னாகவராளி போன்ற ராகங்கள் மேல்ஸ்தாயிக்கு ஏறுவதில்லை. நவரோசு கீழ்ப் பஞ்சமத்தில் தொடங்கி மேலே உள்ள பஞ்சமத்தோடு நின்றுவிடும். குறிஞ்சி தைவதத்தைத் தாண்டாது. பயிற்சியில்லாத தொண்டைக்கும் எட்டும் எல்லை அது. ஊஞ்சல், லாலி, தாலாட்டு ஆகியவை இத்தகைய மெட்டுகளில் விரும்பி அமைவதன் பொருத்தம் இதனால் விளங்கும். பத்துப் பெண்கள் கூடிப் பாடவேண்டுமானால் பாட்டு எட்டாத உயரத்தில் இருக்கலாகாது. தியாகராசர் உற்சவ சம்பிரதாயக் கீர்த்தனைகளை இயற்றியபோது இவ்வழக்கை மறக்கவில்லை. மணவீடுகளில் இன்றும் பலர் கூடிப் பாடும் "சீதா கல்யாண வைபோகமே" அவற்றுள் ஒன்று, குறிஞ்சியில் வழங்குவது. பாட்டியின் பாட்டில் நான் குறையென்று கண்டது, யாவரும் கலந்துகொள்ளட்டும் என்று அதனை ஆக்கியவர்கள் திறந்துவைத்த வாயில்.

1988-இல் என் தமக்கை மகளுக்குத் திருமணம் நடந்தது. ஊஞ்சலின்போது பெண்கள் ஓர் அச்சுப் புத்தகத்தைப் பிரித்துப் பக்கம் தேடினார்கள். அதற்குள் என் தமக்கை, யாரும் கேளாமலே, பாட்டியின் மெட்டைத் தொடங்கினாள். முதல் இரண்டு அடிகளுக்குச் சொல் இருந்தது. அதற்குமேல் அவளுக்கும் தெரியவில்லை. சொல் இல்லாத இடங்களிலெல்லாம் "லாலி, லாலி" என்று இட்டு நிரப்பினாள். பெண்கள் நால்வர் சேர்ந்துகொண்டனர். நாகசுரக்காரர் இளைஞர், குழலை மடியில் கிடத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் அவரிடம் சென்று, "இது என்ன ராகம்?" என்று வினவினேன்.

"நவரோசு போலத்தான் இருக்கிறது, ஐயா. ஆனால் ஓர் இடத்தில் வேறு எங்கோ போய் வருகிறது" என்றார். பிறகு என் தமக்கையைப் பார்த்து, "அம்மா, அந்த இரண்டாம் அடியை இன்னொரு தரம் பாடுங்கள்" என்று கேட்டுச் சீவாளியை உதட்டில் வைத்தார்.