சான்று யார் கையில்?

(அத்திபெலேயில் கட்சி உறுப்பினர்களிடையே நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஓசூரைத் தாண்டி மாநில எல்லையைக் கடந்ததும் வருகிற ஊர் அத்திபெலே. இங்கிருந்து பொம்மசந்திரா, ஜிகணி, எலக்ட்ரானிக் சிட்டி வரை தொழிற்சாலைகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் உள்ளே தமிழ்நாட்டின் வட மாவட்டங்களிலிருந்து வந்த தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் உழைக்கிறார்கள். வாயிலில் காவலர் உடையில் நிற்போரில் முன்னாள் படைவீரர்களும் உண்டு. உள்ளே இருப்பவரும் வாயிலில் நிற்பவரும் பெரும்பாலும் ஒரே மண்ணிலிருந்து வந்தவர்கள். வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டையை மக்கள் ராணுவப்பேட்டை என்றே அழைக்கிறார்கள்; தலைமுறை தலைமுறையாக அங்கிருந்து படைக்கு ஆள் போகிறது. மழை பொய்த்த நிலமும் கிடைக்காத வேலையும் சிலரைப் படைமுகாமுக்கு அனுப்புகின்றன. சிலரை அத்திபெலேக்கு அனுப்புகின்றன.

2023 அக்டோபர் 7 அன்று இவ்வூரின் பட்டாசுக் கிடங்கில் தீப்பற்றி, அன்றே 14 பேர் மாண்டார்கள். தீபாவளிக்கு முந்தைய சில வாரக் கூலிக்காகத் தருமபுரி, கள்ளக்குறிச்சி மாவட்டங்களிலிருந்து வந்திருந்த இளைஞர்களும் மாணவர்களும் அவர்களில் அடங்குவர். அந்தச் சாவுகள் கண்ணுக்குத் தெரிந்தன; ஆகவே எண்ணப்பட்டன. கண்ணுக்குத் தெரியாத காயத்தை எண்ணுவது யார்? பணியில் இருந்தபோது உடலுக்குள் புகுந்த நஞ்சு பத்து, இருபது ஆண்டுகள் கழித்து நோயாக வெளிப்பட்டால், அதற்குச் சான்று கொடுக்க வேண்டியவர் யார்? இக்கேள்வியை உலகின் படைவீரர்கள் ஒரு நூற்றாண்டாகக் கேட்டு வருகிறார்கள். அவர்கள் பெற்ற அனுபவம் தொழிலாளி வர்க்கம் முழுமைக்கும் உரியது.

ராவல்பிண்டியின் வாயு அறைகள்

போர்க்களத்தில் குறுக்கே நிற்கும் கம்பிவேலியைத் தகர்க்கும் குழாய்வெடி ஒன்று 1912இல் பெங்களூரில், மதராஸ் சாப்பர்ஸ் பொறியாளர் படையில் உருவாக்கப்பட்டது. உலகப் படைகள் அதை இன்றும் பெங்களூர் டார்பிடோ என்றே அழைக்கின்றன. ஆயுதத்தின் பெயர் வரலாற்றில் நிலைத்துவிட்டது. 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ர் களத்தில், முகமூடி இன்றி நச்சுவாயுவை எதிர்கொண்ட லாகூர் டிவிஷன் சிப்பாய்களின் நுரையீரல் பின்னாளில் என்ன ஆனது என்ற கேள்விக்கு அதே வரலாற்றில் இடமில்லை.

பகைவனின் நஞ்சு போதாதென்று, சொந்த எசமானனின் நஞ்சும் வந்தது. 1930களில் தொடங்கி இரண்டாம் உலகப் போர்க்காலம் வரை, பிரிட்டனின் போர்ட்டன் டவுன் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த அறிவியலாளர்கள், ராவல்பிண்டியில் நூற்றுக்கணக்கான இந்தியச் சிப்பாய்களைக் கடுகு வாயுவுக்கு ஆட்படுத்திச் சோதித்தார்கள். வெள்ளையரின் தோலைவிட இந்தியரின் தோல் அதிகம் புண்படுமா என்று அறிவதே நோக்கம். பலர் தீப்புண்களுக்கு ஆளாயினர். சிலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். காலனிப் படையின் சிப்பாய்க்கு ‘முடியாது’ என்று சொல்லும் உரிமை எவ்வளவு இருந்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகத்தில் கிடந்த இந்தச் செய்தியை 2007இல் கார்டியன் நாளேடு வெளிக்கொணர்ந்தது.

கடுகு வாயுவின் கொடுமை கொப்புளத்தோடு முடிவதில்லை. அது உயிரணுவின் மரபுப் பொருளையே தாக்குகிறது. ஆறிய புண்ணுக்குப் பின்னால், ஆண்டுகள் கடந்து, தீராத மூச்சுக்குழல் அழற்சியும் பார்வைக் குறைவும் நுரையீரல் புற்றுநோயும் வரக்கூடும். ஈரான்–இராக் போரில் அந்த வாயுவைச் சுவாசித்த ஈரானியர்களில் பல்லாயிரவர், போர் 1988இல் ஓய்ந்த பிறகும் மூச்சுக்குத் திணறி வாழ்ந்ததே இதற்குச் சான்று. ஆனால் ராவல்பிண்டிச் சிப்பாய்களைச் சோதனைக்குப் பின் தொடர்ந்து கண்காணிக்கவில்லை. தோலின் அளவு குறிக்கப்பட்டது. மனிதனின் வாழ்வு குறிக்கப்படவில்லை. 2008இல் பிரிட்டிஷ் அரசு, பொறுப்பை ஏற்காமலேயே, போர்ட்டன் டவுன் சோதனைகளுக்கு ஆளான தன் நாட்டு முன்னாள் வீரர்கள் 360 பேருக்கு 30 லட்சம் பவுண்டு இழப்பீடு தர இசைந்தது. ராவல்பிண்டியின் சிப்பாய்கள் அந்தப் பட்டியலில் இல்லை.

இரு தரப்புக்கும் ஒரே நஞ்சு, இரு வேறு நீதி

1962 முதல் 1971 வரை அமெரிக்க ஏகாதிபத்தியம் வியட்நாமின் காடுகள் மீதும் வயல்கள் மீதும் சுமார் 7.5 கோடி லிட்டர் களைக்கொல்லிகளைக் கொட்டியது. அவற்றில் பெரும்பகுதி ஏஜென்ட் ஆரஞ்சு. அதில் கலந்திருந்த டையாக்சின், தெளித்த சிப்பாயையும் தெளிக்கப்பட்ட உழவரையும் வேறுபடுத்திப் பார்க்கவில்லை. நாடு திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள் நோயுற்றபோது, ‘தொடர்பை நிரூபித்துக் காட்டு’ என்றே அவர்களுக்கும் பதில் வந்தது. எந்த நாளில், எந்தக் காட்டில், எவ்வளவு மருந்து தன் மேல் பட்டது என்று எந்தச் சிப்பாயால் நிரூபிக்க முடியும்?

அவர்கள் ஒன்றுசேர்ந்து போராடினார்கள். 1984இல் டவ், மான்சாண்டோ உள்ளிட்ட ஏழு கம்பெனிகள், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல், 18 கோடி டாலர் தர முன்வந்தன. அதைவிடப் பெரிய வெற்றி 1991ஆம் ஆண்டுச் சட்டம். வியட்நாமில் பணியாற்றியவருக்குப் பட்டியலில் உள்ள நோய் வந்தால், அது பணியால் வந்தது என்றே அரசு கொள்ள வேண்டும் என்று அது கூறியது. தனி மனிதன் தூக்க முடியாத சுமை அவன் தோளிலிருந்து இறங்கியது.

ஆனால் வியட்நாம் மக்களுக்கு இந்த நீதி கிட்டவில்லை. அங்குள்ள பாதிக்கப்பட்டோர் சங்கம் 2004இல் அமெரிக்க நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு 2005இல் தள்ளுபடியானது, மேல்முறையீடும் தோற்றது. ஒரே டையாக்சின் ஓர் உடலில் நோய்க்குக் காரணமாகவும், இன்னோர் உடலில் காரணமற்றதாகவும் ஆனது. இங்கே முடிவு செய்தது அறிவியலா, அதிகாரமா என்பதைத் தோழர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

காப்பதற்கென்று கொடுத்த மாத்திரை

1991 வளைகுடாப் போரில் வேறு வகையான தீங்கு சேர்ந்தது. நரம்பு வாயுவிலிருந்து காப்பதற்கென்று பிரிடோஸ்டிக்மின் புரோமைடு மாத்திரைகள் சிப்பாய்களுக்குக் கொடுக்கப்பட்டன. அப்பயன்பாட்டுக்கு அந்த மருந்து அன்று முழு அனுமதி பெற்றிருக்கவில்லை. ஆகவே 1990 டிசம்பரில் விதியே தளர்த்தப்பட்டது. சிப்பாயின் ஒப்புதல் இல்லாமல் மருந்து கொடுக்கலாம் என்றாயிற்று. பூச்சிக்கொல்லிகள், தடுப்பூசிகள், எண்ணெய்க் கிணறுகளின் புகை ஆகியவையும் சேர்ந்தன. 1991 மார்ச்சில் இராக்கின் கமிசியாவில் ஆயுதக் கிடங்கை அமெரிக்கப் படையே தகர்த்தது. அதில் நரம்பு வாயு இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள 1996 வரை ஆயிற்று.

தீராத சோர்வு, மூட்டு வலி, மறதி, வயிற்றுக் கோளாறு என்று வந்தவர்களிடம் ‘எல்லாம் மன உளைச்சல்’ என்றார்கள். 2008இல் அந்நாட்டு அரசே அமைத்த ஆய்வுக் குழு வேறு முடிவுக்கு வந்தது. வளைகுடா நோய் உண்மையானது. அங்குப் பணியாற்றிய சுமார் 6,97,000 பேரில் நால்வருக்கு ஒருவரை அது பீடித்துள்ளது. மாத்திரைக்கும் பூச்சிக்கொல்லிக்கும் அதில் தொடர்புண்டு என்று அக்குழு கூறியது. இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்க நோயாளிகள் 17 ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

சாம்பாவில் ஏற்றிய ரத்தம்

இவை அயல்நாட்டுக் கதைகள் என்று ஒதுக்க இடமில்லை. நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பின் 2001 டிசம்பரில் தொடங்கிய ஆபரேஷன் பராக்கிரமின்போது, எல்லையில் பணியிலிருந்த விமானப்படை வீரர் ஒருவர் 2002 ஜூலையில் நோயுற்றார். ஜம்முவின் சாம்பாவில் இருந்த ராணுவ மருத்துவமனையில் அவருக்கு ஒரு யூனிட் ரத்தம் ஏற்றப்பட்டது. 12 ஆண்டுகள் கழித்து, 2014இல், அவருக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பது தெரியவந்தது. அந்த ரத்தமே காரணம் என்று ராணுவ மருத்துவ வாரியங்களே பதிவு செய்தன. ஆயினும் 2016இல் அவர் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார். இழப்பீடு கேட்டுத் தேசிய நுகர்வோர் ஆணையத்துக்குச் சென்றார், அது மறுத்தது.

2023 செப்டம்பர் 26 அன்று உச்சநீதிமன்றம் அவருக்கு ஒரு கோடியே 54 லட்சத்து 73 ஆயிரம் ரூபாய் வழங்க ஆணையிட்டது. ராணுவமும் விமானப்படையும் சேர்ந்தே பொறுப்பு என்றது. உடல்நலத்தோடு பணிக்கு வந்தவருக்கு, அவர்கள் ஏற்றிய ரத்தத்தால் நோய் வந்திருக்கும்போது, கவனத்தோடு நடந்துகொண்டதைக் காட்ட வேண்டியவர்கள் அவர்களே என்பது தீர்ப்பின் சாரம். அந்த நோயாளி வழக்காடிப் பெற்ற நீதி இது. வாதாட வலுவில்லாதவர்கள், மருத்துவமனைச் சீட்டைத் தொலைத்தவர்கள் எங்கே போவார்கள்?

ஏடு எரிந்தபின் கேட்கும் சான்று

இந்தியச் சட்டத்தில் நல்ல கொள்கை ஒன்று இருக்கிறது. பணியில் சேரும்போது இல்லாத நோய் பின்னர் வந்து ஒருவர் நீக்கப்பட்டால், அது பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும்; மறுப்பவரே காரணம் காட்ட வேண்டும் என்று 2013இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் உறுதிப்படுத்தியது. இது யாரும் இரங்கித் தந்த சலுகையாகாது. மருத்துவப் பரிசோதனை செய்தது படை; பனிமலைக்கும் பாலைக்கும் அனுப்பியது படை; ஊசி போட்டதும் ஏட்டில் எழுதியதும் படை. ஏடு யார் கையில் இருக்கிறதோ, அவரே சான்று காட்டக் கடமைப்பட்டவர்.

ஆனால் 2008ஆம் ஆண்டு விதிகளில் ஒரு விலக்கு நுழைந்தது. ஓய்வுபெற்று 15 ஆண்டுகளுக்குப் பின் ஒருவர் உரிமை கோரினால், அதற்குள் அவருடைய பணி ஆவணங்கள் காலக்கெடு முடிந்து அழிக்கப்பட்டிருக்குமாதலால், நிரூபிக்கும் பொறுப்பு அவரையே சேரும் என்றது அது. ஆவணத்தை அழிப்பவர் அரசு. அழிந்த ஆவணத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் சிப்பாய்! நச்சுப் பொருள் தரும் புற்றுநோய் 15 ஆண்டுக் கெடுவைப் பார்த்தா வரும்?

அடுத்து வந்தது அக்னிபத். 2022இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த இத்திட்டத்தில், நான்கு ஆண்டுகள் முடிந்ததும் நால்வரில் மூவர் வரை வெளியே அனுப்பப்படுவார்கள். அவர்களுக்கு ஓய்வூதியம் இல்லை. முன்னாள் படைவீரர் என்ற தகுதி இல்லை. அத்தகுதி வழி வரும் மருத்துவத் திட்டமும் இல்லை. முதல் அணியினரின் நான்காண்டுகள் 2026 இறுதியில் நிறைவடைகின்றன. அந்த இளைஞர்களில் சிலர் இதே அத்திபெலேயின் ஆலை வாயில்களில் வேலை கேட்டு நிற்கக்கூடும். பணியின்போது உடலில் புகுந்தது 35 வயதில் வெளிப்பட்டால், அது அவர்களின் சொந்தக் கணக்கில் எழுதப்படும். ஒப்பந்தத் தொழிலாளிக்கு முதலாளி செய்வதை, சிப்பாய்க்கு அரசு செய்கிறது.

வாயிலும் ஆலையும்

படைவீரரின் கேள்வி கம்யூனிஸ்டுகளுக்கு ஏன் என்று சிலர் கேட்கலாம். 1946இல் பம்பாய்க் கடற்படை எழுச்சிக்கு ஆதரவாகத் தெருவில் இறங்கிய தொழிலாளர்கள் அக்கேள்விக்கு அன்றே விடையளித்துவிட்டார்கள். சிப்பாய் என்பவர் சீருடை அணிந்த உழவரின் மகன். போரைத் தீர்மானிப்பவர் அவர் இல்லை. போரின் மிச்சத்தைச் சுமப்பவர் அவர்.

போபாலுக்குப் பின், 1987இல், தொழிற்சாலைச் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. அபாயகரமான வேலைகளில் நச்சுப் பொருளுக்கு ஆட்படும் தொழிலாளியின் உடல்நல ஏட்டை நிர்வாகம் பராமரிக்க வேண்டும். அதைப் பார்க்கும் உரிமை தொழிலாளிக்கு உண்டு என்றது அது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. சட்டத்தின் பெயர் மாறலாம். பல்லாயிரம் உயிர் கொடுத்துப் பெற்ற அந்த உரிமையைக் கைவிட முடியாது.

ஆகவே கோரிக்கைகள் தெளிவானவை. படைவீரர் விடைபெறும் நாளிலேயே அவருடைய முழு மருத்துவ ஏட்டின் நகலை அவர் கையில் கொடுக்க வேண்டும். அவர் உயிரோடு உள்ளவரை அந்த ஏட்டை அழிக்கக் கூடாது. 15 ஆண்டு விலக்கை நீக்க வேண்டும். அக்னிவீரர்களுக்கும் வாழ்நாள் மருத்துவ உரிமை வேண்டும். அமிலமும் கரைப்பானும் சாயமும் புழங்கும் ஆலைகளில் வேலை செய்யும் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கும் இதே விதி பொருந்த வேண்டும்.

கிளைகளுக்கு ஒரு வேலை இருக்கிறது. ஓய்வுபெற்ற படைவீரர் ஒவ்வொருவரின் வீட்டிலும், தொழிலாளி ஒவ்வொருவரின் அறையிலும் ஒரு கோப்பு இருக்கட்டும். எங்கே பணி, எந்த நாள் முதல் எந்த நாள் வரை, எந்தப் பொருளோடு வேலை, என்ன ஊசி, என்ன மருந்து, எப்போது முதல் இருமல் என்று அதில் எழுதப்படட்டும். மருத்துவச் சீட்டுகளின் நகலை எடுத்துக் கொடுக்கத் தோழர் ஒருவர் உடன் செல்லட்டும். ராவல்பிண்டியின் சிப்பாய்க்கு இப்படி ஒரு தாள் கூடக் கையில் இல்லை. அதனாலேயே அவருடைய நோயைக் கேட்க யாரும் இல்லாமற் போயிற்று. அந்தத் தாளை உழைப்பாளியின் கையில் சேர்ப்பது அத்திபெலேயில் நாளைக்கே தொடங்கக்கூடிய வேலை.