சந்தை நம்மோடு சண்டை போடுவதில்லை



செம்பனைக் குலையை வெட்டிச் சாய்த்து, உதிர்ந்த பழங்களைப் பொறுக்கிச் சாக்கில் கட்டி, ரோட்டோரம் கொண்டு வைப்பதோடு நம் வேலை முடிந்துவிடுகிறது. அதிலிருந்து வரும் எண்ணெயின் விலையோ கோலாலம்பூரில் பேசப்படுகிறது. 1980ஆம் ஆண்டு அங்கே செம்பனை எண்ணெய்க்கு முன்பேரச் சந்தை தொடங்கியது. மூன்று மாதம் கழித்துக் கைமாறப்போகும் எண்ணெயை இன்றே விலை பேசி வாங்குவதும் விற்பதும்தான் முன்பேரம்.

அன்று லயங்களில் குடியிருந்த நமக்கு அந்தச் சந்தையோடு எந்தத் தொடர்பும் இல்லை. இன்று நிலைமை வேறு. தோட்டத்தில் பிறந்து பட்டணத்தில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளின் கைத்தொலைபேசிக்குள்ளேயே சந்தை வந்துவிட்டது. பங்கு, தங்கம், அந்நியச் செலாவணி, செம்பனை எண்ணெய் எதுவானாலும் விரலால் தொட்டால் வாங்கலாம், விற்கலாம். எதை வாங்குவது என்று சொல்லித் தருவது இந்தப் பேச்சின் நோக்கம் அல்ல. அந்தச் சந்தைக்குள் நாம் நம்மோடு கூட்டிக்கொண்டு போகும் மூன்று பகைவர்களைப் பற்றியே இன்று பேசப் போகிறோம். அவை செருக்கு, சினம், தோல்வி பயம்.

முதலில் ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். செம்பனை எண்ணெய் முன்பேரத்தில் ஓர் ஒப்பந்தம் என்பது 25 டன். டன்னுக்கு ஒரு வெள்ளி இறங்கினால் வாங்கியவருக்கு 25 வெள்ளி நட்டம். 68 வெள்ளி இறங்கினால் 1,700 வெள்ளி நட்டம். 2025 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்ச மாதச் சம்பளமும் இதே 1,700 வெள்ளிதான். ஒரு மாதம் வியர்வை சிந்திச் சேர்த்த கூலி, ஒரே நாளில், சில வேளைகளில் ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். முழு விலையையும் கட்ட வேண்டியதில்லை, ஒரு பகுதியை முன்பணமாகக் கட்டினால் போதும் என்பதால் இதன் கனம் ஆரம்பத்தில் தெரிவதில்லை.

இனி முதல் பகைவனான செருக்கைப் பார்ப்போம்.

நம் பக்கத்து ஊரான சிங்கப்பூரில் நடந்ததை நினைவுகூர்வோம். 1762ஆம் ஆண்டில் தொடங்கிய பேரிங்ஸ் என்னும் ஆங்கிலேய வங்கிக்கு அங்கே நிக் லீசன் என்ற இளைஞர் வணிகம் செய்துவந்தார். 1992இல் அவருக்குக் கீழே வேலை பார்த்த ஒருவர் வாங்க வேண்டியதை விற்றுவிட்டார். லீசன் பிற்பாடு சொன்ன கணக்குப்படி, அதனால் வந்த நட்டம் சுமார் 20,000 பவுன். அவ்வளவு பெரிய வங்கிக்கு அது தாங்கக்கூடிய தொகைதான். மேலிடத்தில் அன்றே சொல்லியிருந்தால் சில நாள் தலைகுனிவோடு போயிருக்கும். அவரோ 88888 என்ற எண்ணுள்ள கணக்கில் அதை ஒளித்து வைத்தார். பிறகு வந்த தம் சொந்த நட்டங்களையும் அங்கேயே ஒளித்தார். வெளியே அவர் கெட்டிக்காரர் என்று பெயர் வாங்கிக்கொண்டிருந்தார். அந்தப் பெயரைக் காப்பாற்ற மேலும் மேலும் பெரிய தொகையை வைத்தார்.

1995 ஜனவரி 17ஆம் நாள் ஜப்பானில் கோபே நகரை நிலநடுக்கம் உலுக்கியது. ஜப்பானியப் பங்குச் சந்தை விழுந்தது. ஏறும் என்று கட்டியிருந்த லீசன், தம் கணிப்பு பொய்த்ததை ஒப்புக்கொள்ளாமல் இன்னும் வாங்கினார். முடிவில் நட்டம் 82 கோடியே 70 லட்சம் பவுன். இருநூறு ஆண்டுக்கு மேல் நின்ற வங்கி, ஒரு பவுன் விலைக்குக் கைமாறியது. அவருக்குச் சிங்கப்பூரில் ஆறரை ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது.

“நான் தப்புக் கணக்குப் போட்டுவிட்டேன்” என்ற நான்கு சொற்களைச் சொல்ல முடியாமல் போனதற்கு அவர் கொடுத்த விலை அது.

அடுத்த பகைவன் சினம்.

பால் மரம் சீவியவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. கோபத்தோடு கத்தியைப் பிடித்தால் என்ன ஆகும்? வெட்டு ஆழமாக இறங்கி மரம் காயப்படும். அந்த இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பிறகு அங்கே சீராகச் சீவ முடியாது. ஒரு நாள் கோபத்தின் அடையாளத்தை மரம் பல ஆண்டு சுமந்து நிற்கும்.

சந்தையிலும் அப்படியே. காலையில் 500 வெள்ளி போயிற்று. “போன காசைப் பிடிக்காமல் விடமாட்டேன்” என்று மத்தியானம் இரட்டிப்பாக வைக்கிறோம். அதுவும் போகிறது. சாயங்காலம் அடுத்த மாதத்து வாடகைப் பணமும் உள்ளே போகிறது. யாரோடு நமக்குக் கோபம்? சந்தைக்கு நம்மைத் தெரியுமா?

2022 மார்ச்சில் செம்பனை எண்ணெய் விலை டன்னுக்கு 7,000 வெள்ளியைத் தாண்டியது. ஏப்ரல் 28ஆம் நாள் இந்தோனீசியா தன் எண்ணெய் ஏற்றுமதியைத் தடை செய்தது. மே 23ஆம் நாள் தடையை நீக்கியது. செப்டம்பர் கடைசியில் விலை 3,500 வெள்ளிக்கும் கீழே இறங்கிவிட்டது. ஓர் ஒப்பந்தத்துக்குக் கணக்கிட்டால் இந்த இறக்கம் 87,500 வெள்ளிக்கு மேல். ஒரு நாட்டு அரசு எடுத்த முடிவும், உலக வணிகத்தின் போக்கும் சேர்ந்து செய்த வேலை இது. நம்மை ஏமாற்றுவதற்காக விலை இறங்கவில்லை. அடைமழையோடு யாராவது சண்டை போடுவார்களா? ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று நம் பெரியவர்கள் சும்மா சொல்லிவைக்கவில்லை.

மூன்றாவது பகைவன் தோல்வி பயம். இவன் மற்ற இருவரையும்விடப் பொல்லாதவன். ஏனென்றால் வாய் திறக்காமல் இருப்பான்.

டேனியல் கானமன், ஏமோஸ் டிவெர்ஸ்கி என்ற இரண்டு உளவியல் அறிஞர்கள் 1979இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். 100 வெள்ளி கிடைத்தால் வரும் மகிழ்ச்சியைவிட, 100 வெள்ளி தொலைந்தால் வரும் வலி மிகுதி என்பது அதில் சொன்ன உண்மைகளுள் ஒன்று. அந்த வலி ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று பின்னர் கணித்தார்கள். அந்த வலிக்கு அஞ்சித்தான் நட்டத்தில் இருப்பதை விற்காமல் பிடித்துக்கொள்கிறோம். சிறிது லாபம் வந்ததை அவசரமாக விற்றுவிடுகிறோம். களையை வளரவிட்டுப் பயிரைப் பிடுங்குவது போன்றது இது.

10,000 வெள்ளியில் 1,000 போனால், மிஞ்சிய 9,000த்தில் 11 சதவீதம் சம்பாதித்தால் பழைய நிலைக்கு வரலாம். 5,000 போய்விட்டால் மிஞ்சியதை இரட்டிப்பாக்கினால்தான் பழைய நிலை. ஆகவே சிறிய தோல்வியை ஏற்றுக்கொள்வது கோழைத்தனம் அல்ல; பெரிய தோல்விக்குப் போடும் வேலி.

ஆனால், நேயர்களே, நம் வீடுகளில் உள்ள பயம் பணத்தைப் பற்றியது மட்டும்தானா? “அப்பாவுக்குத் தெரிந்தால் என்ன சொல்வார்? பெண்டாட்டி முகத்தில் எப்படி விழிப்பது?” என்ற பயம் அதைவிடப் பெரிது. அந்தப் பயத்தால்தான் ஒருவன் நட்டத்தை மறைக்கிறான். மறைத்ததை ஈடுகட்ட நகை அடகுக் கடைக்குப் போகிறது. சேமநிதியில் எடுக்கக்கூடியதை எடுத்துவிடுகிறான். கடைசியில் வட்டிக்காரனிடம் போய் நிற்கிறான். லீசனின் 88888 கணக்கு சிங்கப்பூரில் மட்டும் இருந்தது என்று எண்ண வேண்டாம். நம் வீட்டு அலமாரியிலும் அது இருக்கக்கூடும்.

ஆகையால் தாய்மார்களுக்கும் பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நட்டப்பட்ட பிள்ளை வந்து உண்மையைச் சொல்லும் நாளில், அவனைத் திட்டித் தீர்க்க வேண்டாம். “எவ்வளவு போனது? யாருக்கு எவ்வளவு தர வேண்டும்?” என்று மட்டும் கேட்டு, ஒரு தாளில் எழுதுவோம். கடன் மிஞ்சிவிட்டால், 2006 முதல் இயங்கிவரும் ஏ.கே.பி.கே. என்னும் கடன் ஆலோசனை நிறுவனத்தில் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம்.

சந்தையில் இறங்கத்தான் வேண்டும் என்பவர்களுக்குச் சில ஒழுங்குகள். சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் பள்ளிச் செலவுக்கும் உள்ள பணத்தைத் தொடக் கூடாது. கடன் வாங்கி ஒருநாளும் இறங்கக் கூடாது. எவ்வளவு போனால் வெளியேறுவது என்பதை வாங்குவதற்கு முன்பே எழுதி வைக்க வேண்டும். தோட்டத்தில் செக்ரோல் எழுதுவதுபோல ஒரு நோட்டில் ஏன் வாங்கினோம், எவ்வளவு, அப்போது மனம் எப்படி இருந்தது என்று குறித்துவர வேண்டும். ஒரு நட்டம் வந்தால் அன்றைக்குத் தொலைபேசியை மூடிவிட வேண்டும். நிச்சய லாபம் என்று எவராவது சொன்னால், அவருக்கு உரிமம் உண்டா என்று பத்திரச் சந்தை ஆணையத்தில் விசாரிக்க வேண்டும்.

இன்னொன்றையும் மனத்தில் வைப்போம். இந்தியாவின் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு வாரியம் 2024இல் வெளியிட்ட ஆய்வின்படி, மூன்று ஆண்டுகளில் அங்கே முன்பேர வகை வணிகம் செய்த தனிநபர்களில் 93 சதவீதத்தினர் நட்டப்பட்டார்கள். 100 பேரில் 93 பேர்! எனக்கு இது வேண்டாம் என்று ஒதுங்கி நிற்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

விலை ஏறுவதும் இறங்குவதும் நம் கையில் இல்லை. நம் கோபமும், நம் வீம்பும், வீட்டில் உண்மையைச் சொல்லும் துணிவும் நம் கையில் இருக்கின்றன. இன்று இரவு சாப்பாட்டுக்கு உட்காரும்போது இதைப் பற்றி வீட்டில் நான்கு வார்த்தை பேசிப் பார்ப்போமே.