வேரின் துணைவர்

மூணாற்றை அடுத்த சித்திரபுரத்தைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் தமிழ் மக்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்து வருகின்றனர். அத்தோட்டங்களுக்கு அப்பால் சோலைக்காடுகள் சில எஞ்சியுள்ளன. அவற்றுள் மதிகெட்டான் சோலை 2003-ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாயிற்று. அங்கே காக்கப்படுவன மரங்கள் மட்டுமல்ல. அவற்றின் அடிமண்ணும் ஆகும்.

மரம் தன் வேரை மட்டுமே நம்பி வாழ்வதில்லை. வேரினுள் குடிபுகும் பூசணம், மயிரினும் மெல்லிய இழைகளை மண்ணில் பரப்பி, வேர் எட்டாத இடத்து மணிச்சத்தைக் கொணர்கிறது. இலையில் விளைந்த சர்க்கரையில் ஒரு பங்கை மரம் அதற்கு அளிக்கிறது. ஜெர்மானிய அறிஞர் பிராங்க், 1885-இல் பூசணம், வேர் எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து, இவ்வுறவுக்கு 'மைக்கோரைசா' எனப் பெயரிட்டார். நாம் 'வேர்ப்பூசணம்' எனலாம்.

ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வாட்டில் மரத்துக்கும் துணையுண்டு. அதன் வேர்முடிச்சுகளில் தங்கும் பாக்டீரியா, காற்றிலுள்ள நைட்ரஜனை உணவாக்கித் தருகிறது. ஆதலால் வளங்குறைந்த மலைப் புல்வெளியிலும் அது விரைந்து பரவிற்று. வெட்டினாலும் அதன் விதைகள் பல்லாண்டுகள் மண்ணுள் காத்திருக்கும்.

எனவே, வாட்டிலை அகற்றிய அளவில் சோலை மீண்டுவிடாது. சோலைக் கன்றுகளை வளர்ப்போர் நாற்றங்காலில் சோலை மண்ணையும் சிறிது கலத்தல் நன்று. தாய்வீட்டுச் சீதனம்போல் துணையுயிர்கள் கன்றுடன் செல்லும். வேற்றூரில் குடியேறிய நமக்கு இவ்வுண்மை எளிதில் விளங்கும்.

அம்மண் எங்கே கிடைக்கும்? எஞ்சியுள்ள சோலைகளில்தான். அவையும் அழிந்தால், நடுவதற்குக் கன்று கிடைக்கலாம். அதனை வாழ்விக்கும் துணை கிடைப்பது அரிது.