அடியில் இருந்து ஒரு பிடி



நிலக்கோட்டை பூ மார்க்கெட்டுக்குக் காலையில் போய்ப் பழகியவர்களுக்கு இந்தக் காட்சி தெரிந்திருக்கும். மல்லிகை வாங்க வந்த வியாபாரி, மூட்டையின் மேலாகத் தெரியும் மொட்டைப் பார்த்து விலை பேச மாட்டார். கையை உள்ளே விட்டு அடியில் இருந்து ஒரு பிடி அள்ளுவார். ஈரம் கூடுதலா, நேற்றைய பூ கலந்திருக்கிறதா, மொட்டு விரியத் தொடங்கிவிட்டதா என்று பார்த்த பிறகுதான் ரேட்டைக் கேட்பார். முகூர்த்த நாளில் எவ்வளவு அவசரம் இருந்தாலும் அந்த ஒரு பிடியை அள்ளாமல் விடுவதில்லை.

இதே ஊர்க்காரர்கள் தேர்தல் வரும்போது ஒரு மனிதரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர் சொல்வது மெய்தானா, அவர் காட்டும் முகம் அவருடைய சொந்த முகம்தானா என்று எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

ஒரு சட்டமன்ற உறுப்பினரைப் பற்றிய சின்னக் கேள்வி என்று இதை ஒதுக்கிவிட முடியாது. இந்தியக் குடியரசுத் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை; நாடாளுமன்ற உறுப்பினர்களும் சட்டமன்ற உறுப்பினர்களும் சேர்ந்து தேர்ந்தெடுக்கிறார்கள். 1971 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டு சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் வாக்குக்கு மதிப்பு 176. திரௌபதி முர்முவா, யஷ்வந்த் சின்ஹாவா என்று 2022-ல் நாடு முடிவு செய்தபோது நிலக்கோட்டைக்கும் அந்த 176 இருந்தது. ராஷ்டிரபதி பவனுக்குள் யார் போவது என்பதில் பூ பறிக்கிறவரின் ஓட்டுக்கும் ஒரு பங்கு உண்டு.

தனித்தொகுதியான நிலக்கோட்டையின் தேர்தல் வரலாற்றில் ஏ. எஸ். பொன்னம்மாளின் பெயர் அழுத்தமாகப் பதிந்திருக்கிறது. 1957-லேயே சட்டமன்றத்துக்குள் போனவர் அவர். பல ஆண்டுகளுக்குப் பிறகு 1989, 1991, 1996 என்று மூன்று தேர்தல்களில் தொடர்ந்து நிலக்கோட்டையில் வென்றார். அந்த மூன்று வெற்றியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1989-ல் காங்கிரஸ் தனித்து நின்றது; மாநிலம் முழுக்க 26 இடம்தான் கிடைத்தது, அதில் ஒன்று நிலக்கோட்டை. 1991-ல் அதே காங்கிரஸ் அதிமுகவோடு கூட்டணி. 1996-ல் மூப்பனாரின் தமிழ் மாநில காங்கிரஸ் திமுகவோடு சேர்ந்து, அதிமுகவை எதிர்த்து நின்றது. கூட்டணி மூன்று விதமாக மாறிவிட்டது. கட்சியின் பெயரும் மாறிவிட்டது. ஆள் மட்டும் அதே ஆள். அலையும் கூட்டணிக் கணக்கும் அவருக்குக் கை கொடுத்திருக்கும், மறுக்க முடியாது. ஆனாலும் முப்பது ஆண்டுக்கு மேல் ஒருவரின் நடை உடை பேச்சைப் பார்த்துக்கொண்டே இருந்த மக்களின் தீர்ப்பும் அதில் இருக்கிறது. 2015-ல் அவர் காலமானார்.

எல்லாத் தேர்தலிலும் ஆளைப் பார்த்துத்தான் ஓட்டு விழுகிறது என்று சொல்லிவிட முடியாது. 2016-ல் இங்கே இரட்டை இலையில் வென்ற தங்கதுரை, அடுத்த ஆண்டு தகுதி நீக்கம் செய்யப்பட்ட 18 உறுப்பினர்களில் ஒருவர். 2019 ஏப்ரலில் நடந்த இடைத்தேர்தலில் தொகுதி மறுபடியும் இரட்டை இலைக்கே போனது, தேன்மொழி வென்றார். ஆளை விடச் சின்னம் கனமாக நின்ற தேர்தல் அது. அந்தச் சின்னத்தின் முதல் பெரிய வெற்றியும் இந்த மண்ணில்தான் நடந்தது.

1973 மே 20. திண்டுக்கல் மக்களவை இடைத்தேர்தல். எம்.ஜி.ஆர். அதிமுகவைத் தொடங்கி ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. வேட்பாளர் மாயத்தேவர் ஒரு வழக்கறிஞர். வாக்குப்பதிவுக்கு ஒன்பது நாள் முன்பு 'உலகம் சுற்றும் வாலிபன்' வெளியாகியிருந்தது. முடிவு வந்தபோது மாயத்தேவர் முதலிடம், காமராஜரின் பழைய காங்கிரஸ் இரண்டாமிடம், ஆளும் திமுக மூன்றாமிடம்.

சினிமாவைப் பார்த்து மயங்கி ஓட்டுப் போட்டார்கள் என்று அன்றைக்கே பலர் எழுதினார்கள். அது பாதி உண்மை. திரையில் ஏழைக்காகச் சண்டை போட்டவரையும் மேடையில் கை அசைத்தவரையும் மக்கள் ஒரே ஆளாகத்தான் பார்த்தார்கள். ஆனால் எம்.ஜி.ஆர். திமுகவை விட்டு நீக்கப்பட்டதற்குக் காரணமாக ஊர் முழுக்கப் பேசப்பட்ட சொல் ஒன்று இருந்தது: கணக்கு. கட்சியின் கணக்கைக் காட்ட வேண்டும், பொறுப்பில் இருப்பவர்கள் தங்கள் சொத்தைச் சொல்ல வேண்டும் என்று 1972 அக்டோபரில் அவர் கேட்டார். கேட்டவர் நோக்கம் என்ன என்பதில் இன்றைக்கும் கருத்து வேறுபாடு உண்டு. கேள்வி சரியான கேள்வி. மூட்டைக்குள் கை விட்டுப் பார்க்கிற ஊர்களுக்கு அது புரிந்ததில் வியப்பில்லை.

முகத்தைப் பார்த்து எடை போடுவது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிய பழக்கமும் இல்லை. அமெரிக்காவில் அலெக்சாண்டர் டோடரோவ் என்ற உளவியல் ஆய்வாளர், செனட் தேர்தலில் மோதிய இரண்டு பேரின் படத்தை, அவர்கள் யாரென்றே தெரியாதவர்களிடம் காட்டினார். யார் திறமையானவராகத் தெரிகிறார் என்று மட்டும் கேட்டார். அவர்கள் கை காட்டிய முகமே பத்தில் ஏழு போட்டிகளில் வென்றிருந்தது. 2005-ல் வெளியான ஆய்வு இது. 2018-ல் வந்த இன்னொரு அமெரிக்க ஆய்வு இதைவிடக் கவலை தருவது. ஆள்பவர்கள் நம்மைக் கைவிட்டுவிட்டார்கள் என்று மனம் கசந்த மக்களுக்கு, அப்பட்டமாகப் பொய் சொல்லும் வேட்பாளர்கூட 'உள்ளதை உள்ளபடி பேசுகிறவர்' போலத் தெரிகிறார் என்றது அது. சொல்வது பொய் என்று தெரிந்தே அவரை நம்புகிறார்கள். பெரிய மனிதர்களின் ஒழுங்கை அவர் மீறுவதே அவருடைய நேர்மைக்கு அடையாளமாகிவிடுகிறது. ஒளிவு மறைவு இல்லாதவர் போலத் தோன்றுவது வேறு, உண்மை பேசுவது வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளும் நாடு பெரிய விலை கொடுக்கிறது.

அடையாளங்களும் சீக்கிரம் களவு போகின்றன. 1921 செப்டம்பரில் மதுரையில் காந்தி தன் உடையைக் குறைத்துக்கொண்டபோது, ஏழையின் உடுப்பை ஏழைகளுக்காகப் பேசியவர் உண்மையாகவே உடுத்தினார். பிறகு கதரும் வெள்ளை வேட்டியும் அரசியல்வாதியின் சீருடை ஆகிவிட்டன. இன்று டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிப்பதும், வயலில் இறங்கி நாற்று நடுவதும், பாட்டியைக் கட்டிப்பிடிப்பதும் கேமராவோடு வருகின்றன. தோற்றத்தைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாத நிலை.

கடலுக்கு அந்தப் பக்கம் பாருங்கள். இலங்கையில் ஜனாதிபதியை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். 1994-ல் சந்திரிகா குமாரதுங்க, நிறைவேற்று அதிகார ஜனாதிபதி முறையையே ஒழிப்பேன், 1995 ஜூலை 15-க்குள் ஒழிப்பேன் என்று தேதி குறித்து உறுதி சொன்னார். 2005 வரை அந்த நாற்காலியில் இருந்தார். அதற்குப் பிறகு வந்தவர்களில் சிலரும் அதே வாக்குறுதியைக் கையில் எடுத்தார்கள். 2024 தேர்தலும் அதே பதவிக்குத்தான் நடந்தது.

கோத்தபய ராஜபக்சவின் கதை இன்னும் கவனிக்க வேண்டியது. 2019-ல் 52 சதவீதத்துக்கு மேல் வாக்கு வாங்கினார். வரியைக் குறைப்பேன் என்றார், குறைத்தார். பதவிக்கு வந்த சில நாட்களிலேயே மதிப்புக்கூட்டு வரி 15-லிருந்து 8 சதவீதமாக இறங்கியது. சொன்ன சொல் தவறாதவர் என்று பெயர் வாங்கியிருக்க வேண்டியவர். ஆனால் குறைந்த வருமானத்தில் அரசை எப்படி நடத்துவது என்ற கணக்கு மக்கள் முன் வைக்கப்படவே இல்லை. கொரோனா வந்தது, இரசாயன உரத் தடை வந்தது. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. ஜூலையில் அவர் நாட்டை விட்டே போனார். வாக்குறுதியைக் காப்பாற்றியவரை எப்படிப் பொய்யர் என்பது? வரியைக் குறைப்பேன் என்றது உண்மை. அதற்கு நாடு என்ன கொடுக்க வேண்டியிருக்கும் என்பதைச் சொல்லாமல் விட்டதில் இருந்தது பொய்.

அதே 2019 ஜனாதிபதித் தேர்தலில் 3 சதவீதத்தைச் சற்றே தாண்டிய அனுர குமார திசாநாயக்க, 2024-ல் முதல் எண்ணிக்கையில் 42 சதவீதம் பெற்றார். ஐந்து ஆண்டில் அவர் ஆளே மாறிவிடவில்லை. மண்ணெண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற மக்கள், மற்றவர்களின் கணக்கைத் திருப்பிப் பார்த்துவிட்டார்கள். அவருடைய கணக்கையும் ஒருநாள் அதே மக்கள் திருப்பிப் பார்ப்பார்கள், பார்க்கவும் வேண்டும்.

1972-ல் ஒரு கட்சிக்குள் கேட்கப்பட்ட அந்தக் கணக்கு, முப்பது ஆண்டு கழித்து நாட்டுச் சட்டமானது. அகமதாபாத் பேராசிரியர்கள் சிலர் 1999-ல் தொடங்கிய ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் தொடுத்த வழக்கில், 2002 மே 2 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வேட்பாளரின் குற்ற வழக்கு, சொத்து, கடன், படிப்பு ஆகியவற்றை அறிவது வாக்காளரின் உரிமை என்றது. அதைத் தடுக்கக் கொண்டுவந்த சட்டப்பிரிவையும் 2003-ல் ரத்து செய்தது. இன்றைக்கு எந்த வேட்பாளரும் வேட்புமனுவோடு படிவம் 26 என்ற உறுதிமொழிப் பத்திரத்தைக் கொடுத்தாக வேண்டும். மனைவி அல்லது கணவர், தம்மை நம்பியிருப்பவர்கள் பெயரில் உள்ள நிலம், நகை, வங்கிக் கணக்கு வரை அதில் வர வேண்டும். பொய்த் தகவல் கொடுத்தால் ஆறு மாதம் வரை சிறைத்தண்டனைக்கு இடமிருக்கிறது.

வருத்தம் என்னவென்றால், தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் காசில்லாமல் கிடைக்கும் அந்தப் பத்திரத்தைப் படிக்கிறவர்கள் சொற்பம். பூத் சிலிப்பை இரண்டு முறை சரிபார்க்கிற நாம், வேட்பாளரின் பத்திரத்தை ஒருமுறைகூடப் பிரித்துப் பார்ப்பதில்லை. அதில் எழுதியதெல்லாம் உண்மையாக இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் மேடைப் பேச்சு காற்றோடு போய்விடும். பத்திரம் கையெழுத்தோடு நிற்கும்.

அடுத்த தேர்தலில் வேட்புமனுத் தாக்கல் முடிந்த வாரத்திலேயே, வீட்டில் செல்போனைக் கையாளத் தெரிந்த பிள்ளையைக் கூப்பிடுங்கள். உங்கள் தொகுதி வேட்பாளர்களின் பத்திரத்தை எடுத்துத் தரச் சொல்லுங்கள். முன்பு நின்றவராக இருந்தால், அப்போது கொடுத்த பத்திரத்தையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கூடியிருப்பது எது, புதிதாக வந்த வழக்கு எது, சொன்ன திட்டத்துக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். அவர் கை கூப்பிக்கொண்டு உங்கள் வாசலுக்கு வரும்போது, அந்தத் தாளைப் பார்த்துக் கேளுங்கள்.