வாழும் ஊரைச் சுற்றிப் பார்ப்போம்



கோடை விடுமுறை நெருங்கிவிட்டால் நம் காலனியில் எழும் பேச்சு ஒன்றே. பாஸ் வாங்கியாயிற்றா, எந்த வண்டி, என்று புறப்பாடு? ஊருக்குச் செல்கிறோம், உற்றாரைக் காண்கிறோம், ஊறுகாய் ஜாடியோடு திரும்புகிறோம். கை சற்றுத் தாராளமான ஆண்டில் உதகைக்கோ கொடைக்கானலுக்கோ ஒரு நடை. அதைக் குறை கூற நாம் இங்கு வரவில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து 46 கிலோமீட்டர் தூரம், பல்லிருப்புப் பாதையைப் பற்றிக்கொண்டு மலையேறும் அந்தச் சிறு வண்டி, ரெயில்வேக்காரனுக்கு எத்தனை முறை கண்டாலும் அலுக்காத காட்சி. அது 1899இல் குன்னூரையும், 1908இல் உதகையையும் எட்டியது. ஆயினும் 2024 மே மாதம் அவ்விரு மலைகளுக்கும் இ-பாஸ் முறை கொண்டுவர நேர்ந்ததே, அங்கே கூடும் கூட்டத்தைச் சொல்ல வேறு சான்றும் வேண்டுமோ?

எம் தகப்பனார் செகந்திராபாத்தில் முப்பத்தோராண்டு ரெயில்வே ஊழியம் பார்த்தவர். கோல்கொண்டாவை அவர் கண்டதில்லை. "அது எங்கே ஓடிவிடப் போகிறது? அடுத்த வருஷம் பார்த்துக்கொள்வோம்" என்பார். ஓய்வு பெற்ற பின் ஒரு நாள் அழைத்துச் சென்றோம். முந்நூற்றுக்கும் மேற்பட்ட படிகள், முழங்கால் இடங்கொடுக்கவில்லை. "நீங்கள் போய் வாருங்கள்" என்று வாயில் மண்டபத்திலேயே தங்கிவிட்டார். அம்மண்டபத்தில் கை தட்டினால் மலையுச்சியில் கேட்கும்; பகைவர் வரவை அறிவிக்கச் செய்த ஏற்பாடு என்பர். நாங்கள் உச்சியை அடைந்ததும் கீழிருந்து மூன்று முறை கைத்தட்டல் வந்தது. "தாத்தா!" என்று குழந்தைகள் கூவினார்கள். அவர் கோல்கொண்டாவைக் கண்டது அவ்வளவே. மறு ஆண்டு அவர் இல்லை.

அக்கோட்டை நமக்கு அந்நியமன்று. 1672ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி, சென்னப் பட்டணத்துக்காக ஆங்கிலக் கம்பெனியார் ஆண்டுதோறும் 1,200 வராகன் செலுத்தியது கோல்கொண்டா சுல்தானுக்கே. நம் பஜனைகளில் பாடப்பெறும் பத்ராசல ராமதாசர், அரசுப் பணத்தைக் கோயிலுக்குச் செலவிட்டதற்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் அடைபட்டிருந்ததாகச் சொல்லும் சிறையும் அங்கேதான் உள்ளது. அவரைச் சிறையிட்ட தானா ஷாவின் கதி என்ன? 1687இல் எட்டு மாத முற்றுகைக்குப் பின், காசுக்கு விலைபோன ஒருவன் கதவைத் திறந்துவிட, கோட்டை ஔரங்கசீப் வசமாயிற்று. தானா ஷாவும் தௌலதாபாத்தில் கைதியாகவே மாண்டார். ராமதாசரின் சிறையைப் பார்க்கையில் இதனையும் குழந்தைகளுக்குச் சொல்லுங்கள்.

மலைதான் வேண்டும் என்பாருக்கு அனந்தகிரி இருக்கிறது. விகாராபாத்தில் இறங்கிச் சிறிது தூரம் சென்றால் காடு, அனந்தபத்மநாபர் கோயில், மூசியாற்றின் பிறப்பிடம். உதகையின் குளிரை அங்கே எதிர்பார்க்க வேண்டாம். நம் பிள்ளைகளுக்கு மூசி என்றால் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கும் பாலம். அந்நதி தெளிந்து பிறக்கும் இடத்தை அவர்கள் காண வேண்டும். உதகைக்கு ரெயில் போய்ச் சேர்ந்த அதே 1908இல், செப்டம்பர் 28 அன்று, இம்மூசி பெருகி ஐதராபாத்தில் பல்லாயிரம் உயிர்களைக் கொண்டுபோயிற்று. ஒரு புளியமரத்தைப் பற்றி நூற்றைம்பது பேர் பிழைத்தார்கள். அம்மரம் உஸ்மானியா மருத்துவமனை வளாகத்தில் நின்றது. விசுவேசுவரய்யர் யோசனைப்படி பின்னர் எழுந்தவையே உஸ்மான் சாகரும் ஹிமாயத் சாகரும்.

விகாராபாத்திலிருந்து பிரியும் பாதையில் சென்றால் பீதர். அங்கே மகமூத் கவான் 1472இல் கட்டிய கல்லூரி பாதி இடிந்தும் கம்பீரம் குன்றாது நிற்கிறது. கிழக்கே காஜிப்பேட்டையில் இறங்கினால் ஹனுமகொண்டாவின் ஆயிரங்கால் கோயில். அப்பாலுள்ள பாலம்பேட்டையில் 1213ஆம் ஆண்டு ராமப்பா கோயில். நீரில் மிதக்கும் இலேசான செங்கல்லால் அதன் விமானம் எழுந்தது. 2021இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. சிற்பங்களைப் பார்க்க அரை நாள் போதாது, கட்டுச்சோறு அவசியம்.

அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிறன்று கோல்கொண்டா செல்ல எண்ணியிருக்கிறோம். விருப்பமுள்ள குடும்பத்தார் செயலாளரிடம் பெயர் தரலாம். முழங்கால் வலியுள்ள பெரியோர் தயங்க வேண்டா. கீழே நின்று கை தட்ட ஆள் வேண்டும்.