பனியறியா நிலத்திற் டியூலிப் மலர்



டியூலிப் மலர் என்றதும் ஒல்லாந்து நாடே நம் நினைவுக்கு வருகின்றது. ஆயினும், அம்மலர் ஒல்லாந்திற் பிறந்ததன்று. மத்திய ஆசியாவின் மலைச்சாரல்களே அதன் தாயகம். துருக்கிய சுல்தான்களின் பூங்காக்களில் வாழ்ந்து, பின்னர் அது ஐரோப்பாவை அடைந்தது. லெய்டன் பல்கலைக்கழகத் தோட்டத்திலே குளூசியஸ் என்னும் தாவரவியலறிஞர் நட்ட குமிழ்கள் 1594ஆம் ஆண்டிற் பூத்தன.

தாயகத்தின் வறண்ட கோடையும் கடுங்குளிரும் இக்குமிழின் இயல்பாகவே அமைந்துவிட்டன. கோடையில் அது உறங்குவதுபோலத் தோன்றும். உள்ளேயோ அடுத்த ஆண்டின் பூ உருவாகிக்கொண்டிருக்கும். குளிர்காலத்திலே குமிழில் உள்ள மாப்பொருள் வெல்லமாக மாறுகின்றது; தண்டு நீள்வதற்கான ஆயத்தமும் நடைபெறுகின்றது. அக்குளிர் கிடையாதவிடத்து இலைகள் மட்டுமே தோன்றும். அல்லது தண்டின்றி நிலத்தோடு ஒட்டியவாறு பூ விரியும்.

இனி, உறைபனி அரிதாகிய தென் கலிபோர்னியாக் கரையோரத்தை நோக்குவோம். அங்கே வீட்டுத்தோட்டக்காரர் குளிர்காலத்தைக் குளிர்சாதனப்பெட்டியிலே உண்டாக்குகின்றனர். இலையுதிர்காலத்தில் வாங்கிய குமிழ்களைக் கடதாசிப் பையிலிட்டு, 4 முதல் 7 பாகை செல்சியசுக் குளிரிலே ஏறக்குறைய 12 வாரங்கள் வைக்கின்றனர். உறையச்செய்யும் தட்டில் வைத்தலாகாது. ஆப்பிள் முதலிய பழங்களையும் அருகே வைத்தலாகாது. கனிகள் வெளிவிடும் எதிலீன் வாயு, குமிழுக்குள் இருக்கும் பூவையே அழித்துவிடும்.

மார்கழி பிற்பகுதியிலோ தையிலோ, பெட்டியிலிருந்து எடுத்தவுடனேயே குமிழ்களை நடவேண்டும். நீர் தேங்காத மண்ணில், கூரிய முனை மேல்நோக்க, 6 முதல் 8 அங்குல ஆழத்தில் நடுவது நன்று. பிற்பகல் வெயில் படாத இடமாயின் பூ சற்று நீடித்து நிற்கும்.

வசந்தத்திலே பூ மலர்கின்றது. வெப்பம் மிகுந்தால் சில நாள்களில் உதிர்ந்தும் விடுகின்றது. அதன்பின் நிகழ்வதுதான் சிந்திக்கத்தக்கது. குமிழ் மீண்டும் பருப்பதற்கு நீண்ட, குளிர்ந்த வசந்தம் வேண்டும். வெப்பநிலத்தில் இலைகள் விரைவிற் காய்ந்துவிடுவதால் குமிழ் மெலிகின்றது. ஆகவே பலர் அதனை எறிந்துவிட்டு, ஆண்டுதோறும் புதியனவற்றை வாங்குகின்றனர். மூன்று மாதக் காவல்; சில நாட் காட்சி; பின்னர்க் குப்பைக்குழி. இம்முயற்சி தகுமோ என்று ஒருவர் வினவின், அது நியாயமான வினாவே.

இதற்கு விடை டியூலிப் இனத்துள்ளேயே உண்டு. கிறீற்றுத் தீவிலே பாறைகளிடையே வளரும் சக்சாற்றிலிஸ் என்னும் இனமும், குளூசியசின் பெயர் தாங்கிய குளூசியானா என்னும் இனமும் மென்குளிரோடு அமைதியடைவன. இவற்றின் பூக்கள் சிறியன, பகட்டுக் குறைந்தன. ஆயினும் கோடையில் நிலம் உலர்ந்திருப்பின், ஆண்டுதோறும் தாமாகவே திரும்பி வருவன, பெருகவும் செய்வன.

பெரிய பூவை விரும்புவோர் அதற்குரிய குளிரைத் தாமே கொடுத்து, ஓராண்டு விருந்தாளியாக அதனை வரவேற்கலாம். நெடுநாள் உறவை விரும்புவோர் தம் நிலத்திற்கு இசைந்த சிறிய பூவைத் தெரிந்துகொள்ளலாம். இரண்டும் இன்பமே. எதை விரும்புகின்றோம் என்பதை நடுவதற்கு முன்னரே தெளிந்துகொண்டால், ஏமாற்றத்திற்கு இடமில்லை.