பத்தாம் வகுப்புக்குப் பின் எந்தப் பிரிவு?

(பத்தாம் வகுப்புத் தேர்வெழுதிய மாணவ மாணவியரின் பெற்றோருக்காக நமது பள்ளிவாசல் வளாகத்தில் நடைபெற்ற கூட்டத்தில் தலைமை இமாம் அவர்கள் ஆற்றிய உரை)



நாம் மதரஸாவில் ஓதி வந்தவர்கள். இயற்பியலையும் கணக்குப்பதிவியலையும் குறித்துப் பேச நமக்கு என்ன தகுதி என்று தாங்கள் எண்ணக்கூடும். ஆயினும் பத்தாம் வகுப்பு முடிவு வெளியாகும் நாளில், "ஹஜ்ரத், பிள்ளையை எந்த குரூப்பில் சேர்க்கலாம்?" என்ற கேள்வி நம்மிடமே வந்து சேருகிறது. ஆகவே மேனிலைப்பள்ளி ஆசிரியர்களிடம் கேட்டறிந்தவற்றைத் தங்கள் முன் வைக்கின்றோம்.

பதினொன்றாம் வகுப்பில் ஒரு பிள்ளை இரண்டு மொழிப்பாடங்களும் நான்கு சிறப்புப் பாடங்களுமாக ஆறு பாடங்கள் பயில வேண்டும். அந்த நான்கே பின்னர் எந்தக் கல்லூரியின் கதவு திறக்கும், எது திறவாது என்பதைப் பெரிதும் தீர்மானிக்கின்றன. கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் என்பது ஒரு பிரிவு. உயிரியலுக்குப் பதில் கணினி அறிவியல் வருவது இன்னொன்று. இயற்பியல், வேதியியலுடன் தாவரவியல், விலங்கியல் பயில்வது மற்றொன்று. வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல் சார்ந்தவையும், வரலாறு சார்ந்தவையும், தொழிற்கல்விப் பிரிவுகளும் தனி.

நமது மஹல்லாவில் ஒரு பெண்பிள்ளை. செவிலியர் படிப்பு என்றால் அதற்கு உயிர். நடந்து செல்லும் தொலைவில் இருந்த பள்ளியில் அறிவியல் பிரிவு இல்லை; பேருந்தில் அனுப்ப வீட்டார் இசையவில்லை. வணிகவியலில் சேர்த்தார்கள். நல்ல மதிப்பெண்ணும் பெற்றது. பி.எஸ்சி. நர்சிங் விண்ணப்பம் வாங்கச் சென்றபோதுதான் இயற்பியல், வேதியியல், உயிரியல் பயின்றிருக்க வேண்டும் என்பது வீட்டாருக்குத் தெரிய வந்தது. இரண்டு ஆண்டு உழைப்புக்குப் பின் அப்பிள்ளை அழுத அழுகையை அதன் தாயார் நம்மிடம் கூறியபோது, நமக்கு மறுமொழி கூற வார்த்தை கிட்டவில்லை. பேருந்துக் கட்டணமும் துணைக்கு ஓர் ஆளும்தான் அன்று தேவைப்பட்டவை. ஜமாஅத் நினைத்திருந்தால் இரண்டும் இயன்றிருக்கும்.

மருத்துவத்திற்கு 2017 முதல் தமிழகத்திலும் நீட் தேர்வே வழி. அதற்கு உயிரியல் இன்றியமையாதது. பொறியியலுக்கோ 2007 முதல் நுழைவுத்தேர்வு இல்லை. பிளஸ் டூ கணித மதிப்பெண் 100க்கும், இயற்பியலும் வேதியியலும் 50, 50க்குமாகக் கணக்கிட்டு 200க்குத் தரவரிசை அமைக்கிறார்கள். பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் பயில மேனிலையில் கணினி அறிவியல் எடுத்தே ஆக வேண்டும் என்பது நம்மவர்களிடையே உலவும் தவறான எண்ணம். உயிரியலோடு கணிதம் பயின்றவரும் அதில் சேரலாம். எந்தப் பக்கம் செல்வது என்று பிள்ளைக்கே தெளிவில்லாதபோது, கணிதத்தில் கைதேர்ந்ததாயின், அந்தப் பிரிவு இரண்டு கதவுகளையும் திறந்து வைக்கிறது. ஆனால் கணிதத்தைக் கண்டாலே நடுங்கும் பிள்ளையை அதில் தள்ளுவது நியாயமன்று.

வணிகவியலை மதிப்பெண் குறைந்தோரின் ஒதுக்கிடமாகப் பேசுவதை நாம் ஏற்கவில்லை. தலைமுறை தலைமுறையாக வாணிபம் செய்த சமுதாயம் நாம். ஆனால் நமது கணக்குகளைச் சரிபார்க்கும் ஆடிட்டரை வெளியே தேடுகிறோம். பிளஸ் டூ முடித்தவர் சி.ஏ. ஃபவுண்டேஷன் தேர்வு எழுதலாம். சட்டப் படிப்புக்கு எப்பிரிவாயினும் தகும்.

மற்றொன்று. பதினொன்றாம் வகுப்பை ஓய்வாண்டாகக் கருதும் வழக்கம். பல பள்ளிகள் அப்பாடங்களைத் தள்ளிவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டு ஆண்டுகள் நடத்தி வந்தன. அதனைத் தடுப்பதற்காகவே 2018இல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு வந்தது. 2025இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அத்தேர்வு வேண்டாம் என முடிவு செய்தது. பழைய வழக்கம் மீளாதிருக்கப் பெற்றோர் விழித்திருத்தல் வேண்டும், ஏனெனில் நீட் வினாக்கள் இரண்டு ஆண்டுப் பாடங்களிலிருந்தும் வருகின்றன.

நேரத்தைப் பற்றியும் ஒரு சொல். பள்ளி, டியூஷன், மக்தப் என்று ஒரு பிள்ளையை இரவு ஒன்பது மணி வரை ஓட விடுகிறோம். எனவே மேனிலை மாணவர்களுக்கு மட்டும் மாலை மக்தபை நிறுத்தி, ஃபஜ்ருக்குப் பின் அரை மணி நேரமாக மாற்ற நிர்வாகக் குழுவிடம் கூறியுள்ளோம். இதனால் ஓதல் குறையும் என்று சில பெரியவர்கள் வருந்துகிறார்கள். தூங்கி வழிந்துகொண்டு ஓதுவதைவிட இது மேல் என்பதே நமது கருத்து.

சிலர், "இஸ்திகாரா தொழுதுவிட்டோம் ஹஜ்ரத், அதுவே போதும்" என்கிறார்கள். இஸ்திகாரா செய்யுங்கள்; ஆனால் விசாரித்தறிய வேண்டியதை விசாரியாமல் விடுவதற்கு அது அனுமதிச் சீட்டன்று. முதலில் மஷூரா. பிள்ளையைப் பயிற்றுவித்த ஆசிரியரிடம் கேளுங்கள். 2022இல் தொடங்கப்பட்ட நான் முதல்வன் திட்டத்தின் வாயிலாக அரசுப் பள்ளிகளில் உயர்கல்வி வழிகாட்டுதல் உண்டு. 14417 என்ற உதவி எண்ணும் உண்டு. அனைத்திற்கும் மேலாக, பிள்ளையிடம் கேளுங்கள். சபுராளியாக வெளிநாட்டில் இருக்கும் வாப்பா தொலைபேசியில் முடிவைக் கூறிவிட, பிள்ளை தலையாட்டுவது மஷூரா ஆகாது.

சாதிச் சான்றிதழை இப்போதே சரிபாருங்கள். 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி இடஒதுக்கீடு உள்ளது. லெப்பை, தக்னி, ஷேக், சையத், அன்சார், மாப்பிள்ளை, தூதேகுலா பிரிவினர் இதில் அடங்குவர். இராவுத்தர், மரைக்காயர் லெப்பையில் சேர்வர். மத்திய அரசு நிறுவனங்களுக்கான ஓ.பி.சி. சான்றிதழ் வேறு என்பதையும் நினைவிற் கொள்க. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை பயின்றோருக்கு மருத்துவத்திலும் பொறியியலிலும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருப்பதால், பிளஸ் ஒன்னுக்காகத் தனியார் பள்ளிக்கு மாற்றும் முன் ஒருமுறைக்கு இருமுறை கணக்கிடுங்கள்.

முடிவு வெளியாகும் வாரத்து ஞாயிறு, லுஹருக்குப் பின் இவ்விடத்திலேயே இரண்டு ஆசிரியர்களும் ஓர் ஆசிரியையும் அமர்ந்திருப்பார்கள், இன்ஷா அல்லாஹ். மதிப்பெண் பட்டியலோடு வாருங்கள்; பிள்ளையும் உடன் வர வேண்டும். பேருந்துச் செலவுக்கு இயலாதோர் நம்மிடம் தனியே கூறினால் போதும், பைத்துல்மாலிலிருந்து ஏற்பாடு செய்யப்படும்.

வஸ்ஸலாம்.